மறு: ‘கேம் மெக்கானிக்’ என்பதற்கு ‘விதி’ போதுமா?

அன்புடையீர்,

> மெக்கானிக்கை ‘விதி’ என்றே வைத்துவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. மெக்கானிக் என்பது ஆட்டம் இயங்கும் முறை; நம் கலைச்சொல் அட்டவணையில் அதற்குத் தனிச்சொல் வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகி மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஆர்பிஜி ஆட்டங்களில் உரிமைச் சண்டையே இந்த இடத்தில்தான் வருகிறது. இருபது முகப் பகடையை உருட்டி, திறன் எண்ணைக் கூட்டி, இலக்கை எட்டியதா என்று பார்ப்பது ஒன்று. அதைப் புத்தகத்தில் விளக்கும் வாக்கியங்கள் வேறொன்று. அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை வாக்கியங்களுக்குத்தான், முறைக்கு இல்லை. பேக்கர் எதிர் செல்டன் வழக்கில், ஒரு கணக்கு எழுதும் முறையை முன்வைத்து 1879-இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துவிட்டது. இரண்டையும் ‘விதி’ என்றால், விதிக்குப் பதிப்புரிமை உண்டு, ஆனால் விதிக்கு இல்லை என்று எழுத வேண்டிவரும்!

ஆகவே மெக்கானிக்குக்கு ‘ஆடுமுறை’, எழுத்து வடிவத்துக்கு ‘விதிவாசகம்’ என்கிறேன்.

மூன்றாவதாக ஒன்றும் வேண்டும்: முறைக்கு இட்ட பெயர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் ஆட்டமுறையைப் பிறரும் பயன்படுத்த, 2000-இல் அதன் பதிப்பாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் ஒரு திறந்த உரிமம் கொடுத்தது. பாத்ஃபைண்டர் அதை நம்பி வளர்ந்த ஆட்டம். 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை மாற்றும் வரைவு கசிந்து ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். நிறுவனம் பின்வாங்கி, அம்மாதம் 27-ஆம் தேதி அடிப்படை விதித்தொகுப்பை, யாரும் எடுத்தாள விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. ஆனாலும் பாத்ஃபைண்டரின் பதிப்பாளர் பைசோ காத்திருக்கவில்லை. தன் புத்தகங்களைத் திருத்தி, அசந்திருக்கும் நிலையைக் குறித்த ‘ஃபிளாட் ஃபுட்டட்’ என்பதை ‘ஆஃப் கார்ட்’ என்றும் ‘மேஜிக் மிஸைல்’ மந்திரத்தை ‘ஃபோர்ஸ் பராஜ்’ என்றும் மாற்றியது. அசந்திருப்பவனின் தற்காப்பு எண்ணில் 2 குறைவது அப்படியே இருக்கிறது, பெயர்தான் போயிற்று. இதை ‘முறைப்பெயர்’ எனலாமா?

---

வணக்கம்.

‘முறைப்பெயர்’ நன்று. தாயத்தில் ‘வெட்டு’, ‘பழம்’ என்பவையும் அவைதாமே. யாரும் சொந்தம் கொண்டாடவில்லை என்பதுதான் வேறுபாடு. ஆனால் டோல்கீன் கதைகளில் வரும் குள்ள இனமான ‘ஹாபிட்’டை இதில் சேர்க்காதீர்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974 முதல் பதிப்பில் இருந்த அந்தப் பெயர், டோல்கீன் படைப்புகளின் உரிமைதாரர் எதிர்த்தபின் ‘ஹாஃப்லிங்’ ஆனது. அது கதைமாந்தர் இனத்தின் பெயர், முறையின் பெயரன்று.

‘ஆடுமுறை’ எனக்கு ஒட்டவில்லை. ஒருவர் ஆடும் பாணி என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். இலங்கையில் மெக்கானிசத்துக்குப் ‘பொறிமுறை’ நெடுநாளாக வழங்குகிறது; ‘விசாரணைப் பொறிமுறை’ என்று எங்கள் செய்தித்தாள்களில் அடிக்கடி பார்க்கலாம். ‘ஆட்டப் பொறிமுறை’ ஆகாதா?

---

ஆகும். ‘பொறிமுறை’யையே எடுத்துக்கொள்வோம்; நீளமான இடங்களில் முன்னொட்டை விட்டுவிடலாம்.

அடுத்தது ‘சேவிங் த்ரோ’, அதாவது ஆபத்திலிருந்து தப்புகிறோமா என்று பார்க்க உருட்டும் பகடை. ஒரு நண்பர் அனுப்பிய ‘தப்பு வீச்சு’ மட்டும் வேண்டாம், பகடையைத் தவறாகப் போட்டதுபோல் இருக்கிறது. மாற்று யாரும் தராவிட்டால் ‘காப்பு வீச்சு’ என்று அட்டவணையில் ஏற்றிவிடுகிறேன்.