ஊளைக்கு மறுகுரல் கொடுக்கும் நரி, முயல் குரலுக்கு வாய் திறவாதது ஏன்?

கேள்வி: மூக்கையூரான்

வணக்கம். 1960களின் கடைசியில், வேட்டையைத் தடுக்கும் இன்றைய சட்டம் வருவதற்கு முன்பு, என் தாய்மாமன் மூக்கையூர்ப் பக்கத்து மணற்காட்டிலும் பனங்காட்டிலும் முயலும் கௌதாரியும் வேட்டையாடியவர். நரியை அழைக்க அவரிடம் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று, இரு கைகளையும் வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி இடும் ஊளை. மற்றொன்று, புறங்கையை உதட்டோடு சேர்த்து உறிஞ்சி எழுப்பும் கீச்சொலி. நாயின் வாயில் அகப்பட்ட முயல் அப்படித்தான் கத்தும். ஊளைக்குச் சிறிது நேரத்தில் உடைமரக் காட்டுக்குள்ளிருந்து பதில் வரும், ஆனால் நரி பெரும்பாலும் வெளியே தலைகாட்டாது. முயல் குரலுக்கோ எந்தச் சத்தமும் இராது. நிமிர்ந்து பார்த்தால் இருபது அடி தள்ளி நரி நின்றுகொண்டிருக்கும்.

ஒரே விலங்கு ஒரு குரலுக்கு வாயாலும் மற்றதற்குக் காலாலும் பதில் சொல்வது ஏன்? மாமாவிடம் கேட்டபோது, “சோத்துக்குக் கூப்பிட்டா எவன்டா சத்தம் போட்டுக்கிட்டு வருவான்?” என்று சிரித்தார். அவ்வளவுதானா?

பதில்: தொண்டிக் கரையான்

ஐயா, உங்கள் மாமா சொன்னது பாதிக்கு மேல் சரி. முயலின் அலறல் நரியை நோக்கிச் சொல்லப்பட்டதன்று. நரி அதை ஒட்டுக்கேட்கிறது. அதற்குக் குரல் கொடுத்தால் இரையும் உஷாராகும், பக்கத்தில் உள்ள மற்ற நரிகளும் பங்குக்கு வந்துவிடும். ஊளை அப்படியன்று. நரிகள் ஆணும் பெண்ணும் இணையாக வாழ்ந்து, தமக்கென ஓர் எல்லையை வைத்துக்கொள்பவை. வேற்றுக் குரல் ஒன்று அந்த எல்லைக்குள் கேட்கும்போது, “இங்கே ஆள் இருக்கிறது” என்று அறிவிப்பது அவற்றுக்கு ஆதாயம். வாய்ச்சொல்லோடு முடிந்துவிட்டால் கடிபடத் தேவையில்லை அல்லவா?

இதை ஓநாய்களிடம் நன்றாகவே சோதித்திருக்கிறார்கள். 1970களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஹாரிங்டன், மீச் என்ற இரு ஆய்வாளர்கள், மனிதக் குரலாலேயே ஊளையிட்டு ஓநாய்க் கூட்டங்கள் என்ன செய்கின்றன என்று கவனித்து, 1979-இல் எழுதினார்கள். எல்லாக் கூட்டமும் எப்போதும் பதில் தரவில்லை. பெரிய கூட்டமும், அடித்த இரையின் அருகே இருந்த கூட்டமும் அதிகமாகப் பதில் தந்தன. தனி ஓநாய் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. பதில் தந்தவை பொதுவாக இருந்த இடத்திலேயே நின்றன. மௌனமாக இருந்தவையே அடிக்கடி விலகிச் சென்றன. ஆகவே மறுகுரல் என்பது, “நான் நகர்வதாக இல்லை” என்ற அறிவிப்பு. உங்கள் மாமாவின் ஊளைக்கு நரி பதில் சொல்லிவிட்டு வெளியே வராமல் இருந்தது முரண்பாடில்லை. அதுதான் அந்தப் பதிலின் பொருள்.

பதில்: பனங்காட்டு வாசகர்

ஒரு சிறு திருத்தத்தோடு தொடங்குகிறேன். நம் பக்கத்தில் எல்லாவற்றையும் குள்ளநரி என்றே சொல்லிவிடுகிறோம். வால் நுனி கறுத்த, பூனையைவிடச் சற்றே பெரிய விலங்குதான் குள்ளநரி. கூட்டாக நீள ஊளையிடுவது நரி. ஆம்புலன்ஸ் சைரனுக்கு ஊரெல்லையில் மறுகுரல் கொடுப்பதும் இதுவே. ஹங்கேரி, பல்கேரியா, செர்பியா போன்ற நாடுகளில் ஒலிபெருக்கியில் ஊளையை ஒலிக்கச் செய்து, பதில் வரும் திசைகளைக் குறித்துத்தான் நரிக் கூட்டங்களைக் கணக்கெடுக்கிறார்கள். ஆனால் எல்லையில்லாமல் திரியும் தனி நரி வாயை மூடிக்கொள்வதால், கிடைக்கும் எண்ணிக்கை எப்போதும் குறைந்தபட்ச எண்ணிக்கைதான்.

குரலும் வந்து, விலங்கும் வருவதற்கு வேறு காரணம் வேண்டும். 1938-இல் குமாவுன் மலையில் தாக் என்ற ஊரின் ஆட்கொல்லிப் பெண்புலியை, வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் ஆண்புலி போலக் குரல் கொடுத்து அழைத்தார். அது துணை தேடிக்கொண்டிருந்ததால் பதில் குரல் கொடுத்தபடியே நெருங்கி வந்து சுடப்பட்டது. அது எல்லைச் சண்டையுமன்று, பசியுமன்று.

இதைப் படித்துவிட்டு யாரும் கைப்பேசியில் ஊளையைப் பதிவிறக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமன்று. பொறி வைப்பதும், விரட்டுவதும், இரை காட்டி இழுப்பதும் அதில் அடங்கும்.

பதில்: உப்பளத்து மகள்

என் தந்தை வாலிநோக்கம் பக்கத்தில் உப்பளக் காவலராக இருந்தவர். மார்கழி இரவுகளில் நரி ஊளையைக் கேட்டால் பத்துப் பதினைந்து சூழ்ந்துவிட்டதாகத் தோன்றும். முதலில் ஒன்று தனியாக நீட்டும். அது உச்சிக்குப் போகும்போது மற்றது வேறு சுருதியில் நுழையும். பிறகு இரண்டும் குரலை உடைத்து உடைத்துக் குரைப்பும் கீச்சலுமாகக் கலந்துவிடும், எண்ணவே முடியாது. விடிந்ததும் ஈரப் பாத்தியில் தடம் பார்த்தால் இரண்டே இரண்டு நரிகள்.

இப்படி ஆள்பலத்தைப் பெருக்கிக் காட்டுவது வீணன்று, ஏனென்றால் கேட்கும் விலங்கு எண்ணுகிறது. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் பெண் சிங்கங்களுக்கு ஒரு சிங்கத்தின் கர்ச்சனையையும், மூன்றின் கர்ச்சனையையும் ஒலிக்கச் செய்து பார்த்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. மூன்று குரல் கேட்டபோது அவை தயங்கின. தம் பக்கம் ஆள் அதிகமிருந்தால்தான் துணிந்து நெருங்கின.

முயல் குரலுக்கு நரி வருவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து வெறுமனே புறங்கையை உறிஞ்சிக் காட்டினார். இருட்டில் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. காலையில் பார்த்தால், வடக்கே இருந்து வந்த தடம் நேராக எங்களை நோக்கி வரவில்லை. ஐம்பது அடிக்கு முன்பே விலகி, எங்களைச் சுற்றித் தெற்குப் பக்கம் போய் நின்று, அங்கிருந்து ஓடியிருந்தது. அன்று நல்ல வாடைக்காற்று. காது கேட்டதை நம்பி வந்த விலங்கு, மூக்கால் சரிபார்த்துக்கொண்டு போய்விட்டது.

மூக்கையூரான்

மூவருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. ஊளையிடும்போது மாமா எந்தத் திசை பார்த்தும் நிற்பார். முயல் குரல் எழுப்பும் இரவுகளில் மட்டும் என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து, தான் தெற்கு நோக்கியே உட்காருவார். வாடைக் குளிர் முகத்தில் அடிக்காமல் இருக்கத்தான் அப்படி உட்காருகிறார் என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.