எந்த ஊரில் வாழ்ந்தீர்கள் என்று கேட்க வேண்டிய நோய்: டாலரோமைகோசிஸ் அனுபவப் பகிர்வு

பொது மருத்துவர், வட தமிழ்நாடு

முற்றிய நிலை எச்.ஐ.வி. தொற்றில் உடல் முழுவதும் பரவும் பூஞ்சை நோய் என்றதும், தமிழ்நாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மூளைச்சவ்வைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ்தான். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ரயிலேறிச் சிகிச்சைக்கு வருவோர் மிகுந்த ஒரு மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்த பிறகே, டாலரோமைகோசிஸ் நோயை உண்டாக்கும் டாலரோமைசிஸ் மார்னஃபீ என்ற பூஞ்சையை நான் நேரில் கண்டேன். பழைய பாடநூல்கள் இதைப் பெனிசிலியம் மார்னஃபீ என்று குறிப்பிடும். 1956ஆம் ஆண்டு வியட்நாமில் ஒரு மூங்கில் எலியின் உடலில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்தப் பூஞ்சை, தாய்லாந்து, வியட்நாம், தென் சீனா ஆகிய இடங்களிலும், இந்தியாவில் குறிப்பாக மணிப்பூரிலும் காணப்படுகிறது. போதை ஊசிப் பழக்கத்தின் வழியாக எச்.ஐ.வி. வேகமாகப் பரவிய மாநிலம் மணிப்பூர் என்பதால், அங்கே இந்த இரண்டும் ஒரே உடலில் சந்திக்கும் வாய்ப்பு மிகுதி.

என் நினைவில் நிற்பவர் மணிப்பூரைச் சேர்ந்த ஓர் இளைஞர். வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், உருகிப்போன உடல், வெளிறிய கண்கள், வீங்கிய கல்லீரலும் மண்ணீரலும் என்ற நிலையில் அவர் வந்தார். சளியில் கிருமி தெரியாதபோதும், வேறோர் இடத்தில் காசநோய் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். இந்த அறிகுறிகளுக்குக் காசநோயை நினைப்பது இயல்பானதே, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவதும் அதுதான். ஆனால் அவருடைய நெற்றியிலும் காதுமடலிலும் சிறு சிறு கொப்புளங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் தொப்புள் போன்ற ஒரு குழி, சிலவற்றில் அந்தக் குழிக்குள் கறுத்த பொருக்கு. மொலஸ்கம் என்னும் சாதாரண வைரஸ் கொப்புளமும் இப்படித்தான் தோன்றும், அதனால்தான் பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். ஆயினும் மொலஸ்கம் காய்ச்சலையோ இரத்தச்சோகையையோ தராது. ஒரு கொப்புளத்தைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமேற்றிப் பார்த்ததில், அன்று மாலைக்குள்ளேயே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் வெள்ளணுக்களின் அளவான சி.டி.4 எண்ணிக்கை அவருக்கு 50க்கும் கீழே இருந்தது.

நோயின் போக்கைப் பற்றி உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, பிழைப்பாரா என்பதுதான். மருந்து கொடுக்காவிட்டால் ஏறக்குறைய அனைவரும் இறந்துவிடுவார்கள்; உரிய மருந்து உரிய காலத்தில் கிடைத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். எந்த மருந்து என்பதும் முக்கியம். வியட்நாமில் 440 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், நரம்பு வழியாகச் செலுத்தும் ஆம்போடெரிசினையும் மாத்திரையாக விழுங்கும் இட்ராகோனசோலையும் ஒப்பிட்டார்கள். முதல் இரண்டு வாரங்களில் இறந்தோர் முறையே 6.5 விழுக்காடும் 7.4 விழுக்காடும் ஆவர். அதாவது பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 24 வாரங்கள் முடிந்தபோது ஆம்போடெரிசின் பெற்றவர்களில் 11.3 விழுக்காட்டினரும், இட்ராகோனசோலில் தொடங்கியவர்களில் 21 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். முதல் இரு வாரத் தேற்றத்தைப் பார்த்து மனநிறைவு கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மாத்திரையே போதும் என்று எளிதான வழியை நாடும்போதெல்லாம் இந்த எண்களைச் சக மருத்துவர்களிடம் எடுத்துக்காட்டுகிறேன்.

மூச்சுத்திணறலோடும் இரத்தத் தட்டணுக்கள் குறைந்த நிலையிலும் வருபவர்களின் நிலை கவலைக்குரியது. கொப்புளமே தோன்றாதவர்கள் அதனினும் ஆபத்தில் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இல்லாததால் அவர்களுக்கு நோயைக் கண்டறியவே காலம் கடந்துவிடுகிறது.

நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்

கொப்புளம் இல்லாத நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையும் நிணநீர்க் கட்டியின் ஊசி மாதிரியும் எங்களிடம்தான் வந்து சேரும். இந்தப் பூஞ்சையும் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற வேறொரு பூஞ்சையும் நுண்ணோக்கியில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் வெள்ளணுக்களின் உள்ளே சிறு முட்டை வடிவில் நிறைந்து கிடக்கும். ஹிஸ்டோபிளாஸ்மா மொட்டுவிட்டுப் பெருகும். டாலரோமைசிஸ் நடுவில் ஒரு குறுக்குச் சுவர் எழுப்பி இரண்டாகப் பிளந்து பெருகும். அந்தக் குறுக்குக் கோடு தெளிவாகத் தெரியும் ஒரு செல்லாவது அகப்படும்வரை தகட்டை நகர்த்திக்கொண்டே இருப்பேன்.

வளர்ப்புச் சோதனை முடிய ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகலாம். 25 பாகை வெப்பத்தில் வளரும்போது ஊடகம் முழுவதும் குருதிச் சிவப்பாக நிறம் ஊறிப் பரவும். 37 பாகையில் வைத்தால் அதே பூஞ்சை நிறமின்றி ஈஸ்ட் வடிவத்துக்கு மாறிவிடும். இத்தனை தெளிவாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் கிருமிகள் குறைவு. ஆயினும் கோரிக்கைச் சீட்டில் "காய்ச்சல், காரணம் தெரியவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால், பூஞ்சைக்கான ஊடகத்தில் இடவே எங்களுக்குத் தோன்றாது. நோயாளி மணிப்பூரில் வாழ்ந்தவர், எச்.ஐ.வி. உள்ளவர் என்ற இரண்டு குறிப்புகளை மருத்துவர்கள் சேர்த்து எழுதினால் நாள்கள் மிச்சமாகும்.

நோயாளியின் தம்பி, சென்னை

1960களில் பர்மாவை விட்டு வெளியேறிய தமிழர்களுள் சிலர், மணிப்பூரின் எல்லையோர ஊரான மோரேயில் தங்கிவிட்டார்கள். எங்கள் தாத்தாவும் அவர்களில் ஒருவர். அண்ணன் அங்கே பிறந்து வளர்ந்து, பிறகு பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்தவர். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளை இடையில் அவர் நிறுத்திவிட்டிருந்தார்.

காய்ச்சல் கண்டு ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது, பெயரையும் பேச்சையும் வைத்து அவரை உள்ளூர்க்காரர் என்றே எல்லோரும் எண்ணினார்கள். எந்த ஊரில் வளர்ந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அது கேட்கத்தக்க செய்தி என்று எங்களுக்கும் தெரியாது. காசநோய் மருந்து தொடங்கியும் காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாவதாகச் சென்ற மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர், அவருடைய முகத்திலிருந்த கொப்புளங்களைப் பார்த்துவிட்டு, "நீங்கள் எப்போதாவது மணிப்பூர்ப் பக்கம் இருந்தீர்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் எல்லாம் மாறியது. ஊரைவிட்டு வந்து ஆண்டுகள் பல கழிந்தாலும், உடலில் உறங்கிக் கிடந்த பூஞ்சை எதிர்ப்புச் சக்தி குறையும்போது எழக்கூடும் என்று அவர்தான் விளக்கினார்.

ஆம்போடெரிசின் ஏற்றிய இரண்டு வாரங்களும் கடினமானவை. வெளிச்சம் படாதபடி புட்டியைச் சுற்றி மூடி, மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் கட்டிலே ஆடும்படி அண்ணனுக்கு நடுக்கம் வரும். போர்வைகளைப் போட்டு அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிறுநீரகம் பாதிக்கப்படாமலிருக்க முன்னதாகவே உப்புநீர் ஏற்றினார்கள். பொட்டாசியம் குறைகிறதா, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் கூடுகிறதா என்று அடிக்கடி இரத்தம் எடுத்தார்கள். அந்த மருந்தைக் கண்டு அஞ்சி, இடையில் நிறுத்திவிடலாமா என்று அம்மா அழுதார். வேண்டாம் என்று அண்ணனே சொன்னார்.

காசநோய் உறுதிப்படாததால் அந்த மாத்திரைகளை மருத்துவர்கள் நிறுத்தினார்கள். அவற்றிலுள்ள ரிஃபாம்பிசின், பின்னால் தரவிருந்த இட்ராகோனசோலின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும் என்றார்கள். இரு நோயும் சேர்ந்திருக்கும் குடும்பங்கள் இதைத் தங்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். இப்போது அண்ணன் வேலைக்குப் போகிறார். முகத்தில் சில தழும்புகள் மட்டும் இருக்கின்றன.

ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர்

மேலே எழுதியவர் நிறுத்திய இடத்திலிருந்து என் பணி தொடங்குகிறது. ஊசி மருந்து முடிந்ததும் இட்ராகோனசோல் வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை, பத்து வாரங்கள் தரப்படும். அதன்பின் நாளுக்கு ஒருவேளை என்று தொடரும். ஏ.ஆர்.டி. மருந்தால் சி.டி.4 எண்ணிக்கை 100ஐத் தாண்டி, குறைந்தது ஆறு மாதங்கள் அந்நிலையில் நீடித்த பின்னரே இட்ராகோனசோலை நிறுத்துவார்கள். காய்ச்சல் போய், எடை கூடி, பார்ப்பவர்கள் "தேறிவிட்டாய்" என்று சொல்லும் மாதங்களில்தான் மாத்திரை நிற்கிறது. அப்படி நிறுத்தியவர்களிடம் நோய் திரும்ப வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மருந்து தொடங்கும் நாளிலேயே, நிறுத்தும் நாளை மருத்துவர்தான் சொல்வார் என்று உறுதி வாங்கிக்கொள்கிறேன். இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்கான அமில முறிவு மருந்தை அதனுடன் சேர்த்து உட்கொண்டால் அது உடலில் சரியாகச் சேராது. இந்தச் செய்தியைத் துணைவரிடமோ தாயிடமோ தனியாக ஒருமுறை சொல்லி அனுப்புகிறேன். எங்கள் மையத்தில் புதிதாகப் பதிவு செய்பவர்களிடம் பிறந்த ஊரோடு, வேலைக்காக வாழ்ந்த ஊர்களையும் கேட்டு அட்டையிலேயே குறித்துவைக்கத் தொடங்கியிருக்கிறோம்.