ஓடத் தெரிஞ்ச குவாட்டர்பேக்: டிஃபென்ஸுக்கு நிஜத் தலைவலியா, டிசம்பர் வரைக்கும் வர்ற ஜுரமா?

பாக்கெட்பாண்டி:
வாட்ஸ்அப் குழுவுல ஆரம்பிச்ச அமெரிக்கன் ஃபுட்பால் (என்எஃப்எல் லீக்) சண்டை இது. குட் மார்னிங் படங்களுக்கு நடுவுல காணாமப் போயிடுச்சு, அதனால இங்க தூக்கிட்டு வந்துட்டேன். நல்லா எறியவும் செய்வான், ஓடவும் செய்வான்னு ஒரு குவாட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தறவர்) கிடைச்சுட்டா எதிரணி டிஃபென்ஸ் (பந்தை நிறுத்த வர்ற பக்கம்) கதை முடிஞ்சுதுன்னு அண்டங்காக்கை சொல்றார். நான் ஒத்துக்க மாட்டேன். லீக் ஆட்டம் நடக்கற வரைக்கும் அந்த வித்தை செல்லும். ஜனவரியில பிளேஆஃப் (தோத்தா வெளிய போற சுற்று) வந்தா எதிரணி கோச் வீடியோவைத் தேய்ச்சுப் பாத்துட்டுத்தான் வருவார். அப்ப பாக்கெட்டுக்குள்ள (சொந்த ஆளுங்க சுத்தி அரண் கட்டற இடம்) நின்னு எறியத் தெரியணும், அவ்வளவுதான்.

சாட்சி வேணுமா? 2019 பால்டிமோர் ரேவன்ஸ். லமார் ஜாக்சன் அந்த சீசன்ல 1,206 யார்டு ஓடினார். 2006ல மைக்கேல் விக் போட்ட 1,039 யார்டு சாதனை காலி. கூடவே 36 டச்டவுன் (கோல் கோட்டைத் தாண்டற ஸ்கோர்) பாஸ். எம்விபிக்கு (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது) ஓட்டுப் போட்ட 50 பேரும் இவர் பேரையே எழுதினாங்க. அணி 14-2. அப்புறம் 2020 ஜனவரி 11, சொந்த மைதானத்துலேயே டென்னசி டைட்டன்ஸ் 28-12ன்னு சாத்திட்டுப் போனாங்க. நாலாவது டவுன் (பந்தை முன்ன நகர்த்தக் கடைசி முயற்சி), ஒரே ஒரு யார்டு தேவை, ரெண்டு தடவை முயற்சி, ரெண்டு தடவையும் சுவர். எங்க போச்சு அந்தக் காலு?

அண்டங்காக்கை:
பாண்டி, அதே மேட்ச்ல ரேவன்ஸ் எடுத்தது 530 யார்டு. லமார் மட்டும் எறிஞ்சு 365, ஓடி 143. டிஃபென்ஸ் ஜெயிச்ச லட்சணமா இது? பந்தைக் கோட்டை விட்டதும், அந்த ரெண்டு நாலாவது டவுனும்தான் கவுத்துச்சு. எதிர்ப்பக்கம் டெரிக் ஹென்றி 195 யார்டு ஓடினதை வசதியா விட்டுட்டீங்க.

நான் சொல்ல வர்றது யார்டு கணக்கே இல்ல, ஆள் கணக்கு. சாதாரண ஓட்டத்துல குவாட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக் (பந்தோட ஓடறவர்) கையில குடுத்துட்டு வேடிக்கை பாக்கறார். பந்து வச்சிருக்கறவரும் யாரையும் தடுக்க முடியாது. ஆக 11 பேர்ல தடுக்க மிச்சம் 9 பேர். பிடிக்க வர்றது 11 பேர். இந்த வித்தியாசத்துலதான் டிஃபென்ஸ் காலங்காலமா பொழைப்பு நடத்துச்சு. குவாட்டர்பேக்கும் ஓடுவார்னு ஆயிட்டா ஓரத்துல நிக்கற டிஃபென்சிவ் எண்டை யாரும் தடுக்கவே வேண்டாம், சும்மா விட்டுடலாம். அவர் உள்ள பாய்ஞ்சா குவாட்டர்பேக் பந்தை இழுத்துக்கிட்டு வெளிய ஓடுவார். அவர் வெளியவே நின்னா பந்து ரன்னிங் பேக்குக்கு. எண்ட் எதைச் செஞ்சாலும் தப்பு. அவரைத் தடுக்க வேண்டிய ஆள் மிச்சமாகி நேரா ரெண்டாவது வரிசையில நிக்கற லைன்பேக்கர் மேல போய் மோதுவார். ஆளைத் தொடாமலே ஒருத்தரை ஆட்டத்துல இருந்து எடுத்தாச்சு.

இதுக்கு ஜோன் ரீட்னு பேரு. 90கள் ஆரம்பத்துல மேற்கு வர்ஜீனியாவுல கிளென்வில் ஸ்டேட்னு ஒரு சின்ன காலேஜ்ல ரிச் ரோட்ரிகஸ் கோச்சா இருந்தப்ப வளத்தெடுத்தது. ஒரு நாள் பந்து கைமாறும்போது தடுமாறி, எண்ட் ரன்னிங் பேக் பின்னாடி பாஞ்சதைப் பாத்து குவாட்டர்பேக் தானா வெளிய ஓடினதுல இருந்து பிறந்துச்சுன்னு கதை சொல்வாங்க.

புதுவரவு:
அண்ணே, நான் கோயமுத்தூர்ல இருந்து ராத்திரி முழிச்சுப் பாக்கறவன், போன வருஷம்தான் ஆரம்பிச்சேன். ஒரு சந்தேகம். எண்ட் எதுக்கு முடிவெடுக்கணும்? ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுக்கலாமே?

டெக்சாஸ்அம்மா:
தம்பி, இதுக்கு நான் பதில் சொல்றேன். என் பையன் ஹைஸ்கூல் டீம்ல அந்த எண்ட் இடத்துலதான் ஆடறான். மூணு வருஷமா வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளாஸ்க்கும் போர்வையுமா கேலரியில உக்காந்து எனக்கே பாடம் ஆயிடுச்சு.

முதல் தடவை அவனை அப்படி விட்ட அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னான், "யாருமே என்னைத் தடுக்க வரலம்மா. ஜாலின்னு உள்ள போனேன். இறுக்கிக் கட்டிப் புடிச்சேன். அவன்கிட்ட பந்து இல்ல." திரும்பிப் பாத்தா குவாட்டர்பேக் இவன் நின்ன இடம் வழியாவே இருபது யார்டு தாண்டிப் போயிட்டான். மறுநாள் கோச் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினாராம். பந்து ரன்னிங் பேக் வயித்துல ஒரு கணம் அழுந்தி நிக்குது. குவாட்டர்பேக் கை அதுல, கண்ணு மட்டும் என் பையன் தோள் மேல. தோள் உள்பக்கம் திரும்பின அந்த நொடியில பந்து வெளிய வந்துடுச்சு.

நீங்க கேட்ட "நடுவுல நிக்கறது"தான் அதுக்கப்புறம் கத்துக் குடுத்தது. பாயாம, தோளைத் திருப்பாம, நண்டு மாதிரி பக்கவாட்டுல ஒரு அடி, இன்னொரு அடி. குவாட்டர்பேக் குழம்பி லேட் பண்ணினா உதவிக்கு ஆள் வந்துடுவாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? மத்த நேரம் புயலா பாயறதுக்குன்னே வளத்த பிள்ளையை நண்டு நடை நடக்க வச்சுட்டாங்க.

பாக்கெட்பாண்டி:
அக்கா, நீங்க எனக்குத்தான் சாட்சி சொல்றீங்க. பள்ளிக்கூடப் பையனுக்கே மருந்து தெரியுது! என்எஃப்எல்ல இன்னும் கெட்டிக்காரத்தனம் உண்டு. எண்ட் வேணும்னே உள்ள பாய்வார். குவாட்டர்பேக் "ஆஹா, மாட்டினான்"னு பந்தை இழுத்துட்டு வெளிய வந்தா, அங்க லைன்பேக்கர் சுத்திக்கிட்டு வந்து காத்திருப்பார். ஸ்க்ரேப்னு சொல்வாங்க. கண்ணால படிச்சது பொய்யாப் போயிடும்.

2018 சீசன் முடிஞ்சு 2019 ஜனவரியில சார்ஜர்ஸ் பண்ணினது இன்னும் அழகு. ரெண்டு வாரம் முன்னாடிதான் ரேவன்ஸ்கிட்ட 22-10ன்னு தோத்திருந்தாங்க. பிளேஆஃப்ல மறுபடி சந்திச்சப்ப கனமான லைன்பேக்கர்களை உக்கார வச்சுட்டு கிட்டத்தட்ட மேட்ச் முழுக்க ஏழு டிஃபென்சிவ் பேக்கை (பின்வரிசையில நிக்கற வேகமான ஆளுங்க) இறக்கினாங்க. ஓட்டத்துக்கு ஓட்டம். நாலாவது குவார்ட்டர்ல 23-3. கடைசியில 23-17ன்னு முடிஞ்சது, பயந்து ஜெயிச்ச மாதிரி தெரியும், ஆனா மூணு குவார்ட்டர் லமாருக்கு வழியே தெரியல.

அப்புறம் 2021 நவம்பர்ல மயாமி டால்ஃபின்ஸ். பின்னாடி காவலுக்கு ஆளே வைக்காம சேஃப்டிகளை முன்னாடி கொண்டு வந்து பிளிட்ஸ் (கூடுதல் ஆளுங்க குவாட்டர்பேக் மேல பாயறது) மேல பிளிட்ஸ். 22-10. ஓடறதுக்கு முன்னாடியே ஆள் மேல விழுந்தா கால் என்ன செய்யும்?

அண்டங்காக்கை:
மருந்து இருக்குன்னு நான் மறுக்கல. ஒவ்வொரு மருந்துக்கும் பக்கவிளைவு உண்டுன்னுதான் சொல்றேன். ஸ்க்ரேப் பண்ற லைன்பேக்கரை அடைக்க ஒரு டைட் எண்ட் (பந்து வச்சிருக்கற அணியோட ஓரத்து ஆள்) டிஃபென்சிவ் எண்டைத் தொடாம வளைஞ்சு போய் அவரைப் பிடிச்சா மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தாச்சு. ஏழு குட்டை ஆளுங்களை இறக்கினா நேரா நடுவுல இடிச்சு ஓட வேண்டியதுதான். 2024ல அதே டெரிக் ஹென்றியை ரேவன்ஸ் கூட்டிட்டு வந்தாங்க, 1,921 யார்டு. லமார் பக்கம் ஒரு கண்ணு வச்சா இந்த மலையை யார் நிறுத்தறது?

நீங்க எல்லாரும் ஓட்டத்தையே பாக்கறீங்க. அவர் ஓடாத நேரத்தைப் பாருங்க. மேன் கவரேஜ்ல (ஆளுக்கு ஆள் காவல்) கார்னர் ஒவ்வொருத்தரும் தன் ரிசீவர் (பாஸ் பிடிக்கறவர்) பின்னாடி ஓடறார், முதுகு குவாட்டர்பேக் பக்கம். பாக்கெட் உடைஞ்சு அவர் நடுவுல புகுந்தா பதினஞ்சு யார்டுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. அதனால ஜோனுக்குப் (ஆளை விட்டு இடத்தைக் காக்கறது) போகணும், இல்லன்னா ஒருத்தரை ஸ்பை மாதிரி அவரைப் பாக்கறதுக்குன்னே நிறுத்தணும். அந்த ஒருத்தர் பாஸையும் காக்க மாட்டார், பாயவும் மாட்டார். லைன்ல பாயற நாலு பேரும் அவரவர் இடைவெளியை விட்டு நகரக் கூடாது, தாண்டிப் போயிட்டா பின்னாடி கதவு திறந்துடும். அதனால மெதுவா, கையை விரிச்சுக்கிட்டு, கோழி பிடிக்கற மாதிரி வருவாங்க. குவாட்டர்பேக்குக்கு எறிய நேரம் தானா கிடைக்குது. 2024ல லமார் 4,172 யார்டு எறிஞ்சார், 41 டச்டவுன், இன்டர்செப்ஷன் (எதிரணி பிடுங்கின பாஸ்) வெறும் 4. ஓடினது 915. அந்த 4 எங்கிருந்து வந்துச்சுன்னு நினைக்கறீங்க?

பாக்கெட்பாண்டி:
வருஷம் முழுக்க நல்லாத்தான் இருக்கும். பிளேஆஃப் சொல்லுங்க.

எருமைக்கூட்டம்:
நான் ரொறன்ரோ பக்கம். எல்லை தாண்டினா பஃபலோ, ஆனபடியா பில்ஸ்தான் எங்கட அணி. இவ்வளவு நேரமும் லமாரை வச்சே கதைக்கிறியள், ஜோஷ் ஆலனை ஒருத்தரும் எடுக்கேல்லை. 2024க்கு எம்விபி ஆர் எண்டு மறந்து போச்சோ?

பாண்டி கேட்ட பிளேஆஃப் இந்தா. 2025 ஜனவரி, பனிக்குளிர், அதே ரேவன்ஸ். ஆலன் எறிஞ்சது 127 யார்டு மட்டும். ஆனா கோல் கோட்டுக்குக் கிட்டப் போனதும் ரெண்டு டச்டவுன் தானே காலால அடிச்சவர். 27-25, நாங்கள் வெண்டம். (மார்க் ஆண்ட்ரூஸ் கடைசியில அந்த ரெண்டு பொயின்ற் பந்தைத் தவற விட்டதைச் சொல்லி அண்டங்காக்கையை அழ வைக்க மாட்டன்.) லமார் வளைஞ்சு நெளிஞ்சு ஓடுவார். ஆலன் அப்பிடியில்லை, உருட்டிக்கொண்டு போற பீப்பாய் மாதிரி. கோட்டுக்குக் கிட்ட நிலம் சுருங்கினா பாஸ் எறிய இடமில்லை, அங்கதான் பதினோராவது ஆளும் ஓடுறது பெரிய விசயம்.

பாக்கெட்பாண்டி:
எருமை அண்ணே, அடுத்த வாரத்தையும் சொல்லிடுங்க. கன்சாஸ் சிட்டி, நாலாவது குவார்ட்டர், 22-21ன்னு முன்னாடி இருக்கீங்க, நாலாவது டவுன், பந்தை வச்சிக்கிட்டு அதே பீப்பாய் உருண்டுச்சு. சீஃப்ஸ் நிறுத்திட்டாங்க. 32-29.

எருமைக்கூட்டம்:
அது அவர் எடுத்திட்டார். பந்து வச்ச இடம் பிழை. இதில நான் இனிக் கதைக்க மாட்டன், பிறஷர் ஏறும்.

அண்டங்காக்கை:
பாண்டி, அதே சீஃப்ஸ் எப்படி ஜெயிக்கறாங்கன்னு பாத்தீங்களா? நீங்க தலையில வச்சு ஆடற மஹோம்ஸ், 2024 பிப்ரவரி சூப்பர் பவுல், ஓவர்டைம், 49யர்ஸ் 3 பாயிண்ட் முன்னாடி. நாலாவது டவுன், ஒரு யார்டு. தவறினா ஆட்டம் முடிஞ்சது. என்ன பண்ணினார்? பந்தைக் குடுக்கற மாதிரி காட்டி, தானே வச்சிக்கிட்டு 8 யார்டு ஓடினார். அதுக்கப்புறம் இன்னொரு 19 யார்டு ஓட்டம். 25-22. "பாக்கெட்ல நின்னு எறியணும்"னு சொன்னது யாரு?

பாக்கெட்பாண்டி:
அவர் முதல்ல எறியறவர், தேவைப்பட்டா ஓடறவர். நான் எதிர்க்கறது ஓட்டத்தையே அஸ்திவாரமா வச்சு வீடு கட்டறதை. உடம்பு தாங்காது. ராபர்ட் கிரிஃபின், 2012, வாஷிங்டன். முதல் வருஷமே 815 யார்டு. ஜனவரியில சியாட்டில்கூட ஆடும்போது முழங்கால் போச்சு. அதுக்கப்புறம் அந்த ஆளை நாம பாக்கவே இல்ல.

அண்டங்காக்கை:
அந்த மேட்ச்ல கால் மடங்கினது ஓடும்போது இல்ல. தரையோட வந்த ஸ்னாப்பை (ஆட்டம் தொடங்கப் பின்னாடி குடுக்கற பந்து) எடுக்கத் திரும்பினப்ப. லமாருக்கும் 2022 டிசம்பர்ல முழங்கால் போனது பாக்கெட்டுக்குள்ள சாக் (எறியறதுக்குள்ள கீழ சாய்க்கறது) வாங்கினப்பதான்.

பாக்கெட்பாண்டி:
பாதிக் கதை. கிரிஃபின் முழங்கால்ல முதல் அடி விழுந்தது டிசம்பர்ல, ஓடி முடிக்கற இடத்துல. அடிச்சது யாரு? உங்க ரேவன்ஸ்!

அண்டங்காக்கை:
அது சரிதான். அதை ஒத்துக்கறேன். ஆனா "ஜனவரியில செல்லாது"ங்கறதை விட மாட்டேன். 2013 ஜனவரி 12, 49யர்ஸோட காலின் கெப்பர்னிக். ஆரம்பத்துலேயே ஒரு பாஸை பேக்கர்ஸ் பிடுங்கி டச்டவுன் ஆக்கிட்டாங்க. அதுக்கப்புறம் 16 ஓட்டத்துல 181 யார்டு. மூணாவது குவார்ட்டர்ல 24-24, ஓரத்து ஆள் உள்ள பாய்ஞ்சார், கெப்பர்னிக் 56 யார்டு தனியா ஓடினார், பக்கத்துல யாருமே இல்ல. 45-31.

இதுல முக்கியமானது அடுத்த பாகம். அவமானம் தாங்காம பேக்கர்ஸ் கோச்சுங்க டெக்சாஸ் ஏ அண்ட் எம் காலேஜுக்கே போய் இந்த ஆட்டத்தை எப்படி நிறுத்தறதுன்னு பாடம் கேட்டுட்டு வந்தாங்க. 2013 செப்டம்பர்ல அதே ரெண்டு அணி, முதல் வாரம். பாடம் பலிச்சுது, கெப்பர்னிக் காலுக்கு வேலையே வைக்கல. அவர் 412 யார்டு எறிஞ்சார். ஆன்குவான் போல்டினுக்கு மட்டும் 208. 34-28, மறுபடியும் 49யர்ஸ். காலைக் கட்டினா கை அவிழுது, நான் சொல்றது இதைத்தான்.

புதுவரவு:
அந்த 56 யார்டு ஓட்டத்தை இப்பத்தான் தேடிப் பாத்தேன். முதல் தடவை பந்து யார்கிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியல. அக்கா சொன்ன மாதிரி ரெண்டாவது தடவை ஓரத்து ஆள் தோளை மட்டும் பாத்தேன். ரெண்டு எட்டு உள்ள போனார், அவ்வளவுதான்.

டெக்சாஸ்அம்மா:
பாருங்க, ரெண்டு எட்டு. என் பையனுக்கு ஒரு எட்டு. 😄 நாளைக்கு எதிரணியிலயும் ஓடற குவாட்டர்பேக்தான் போல, காலையில இருந்து வீட்டு ஹால்ல நண்டு நடை நடந்துட்டு இருக்கான். இட்லி வேண்டாமாம்.

பாக்கெட்பாண்டி:
அந்த 2013 செப்டம்பர் மேட்ச் எனக்கு மறந்தே போச்சு, அது கொஞ்சம் இடிக்குது. இன்னைக்கு ராத்திரி முழுசாத் திரும்பப் பாக்கறேன். போல்டின் பிடிச்ச ஒவ்வொரு பந்துக்கும் லைன்பேக்கர் கெப்பர்னிக்கைப் பாத்து உறைஞ்சு நின்னாரா, இல்ல போல்டின் தன் பலத்துலயே பிடிச்சாரான்னு எண்ணிட்டு வர்றேன். பாதிக்கு மேல போல்டின் கணக்குல வந்தா அண்டங்காக்கை ஒரு வாரத்துக்கு என் டிபியை வச்சிக்கணும்.