பாபநாசத்துக்கு மேல ஒரு வருசம் யாரும் போகக் கூடாதுன்னு சொன்னா தப்பா?

தாமிரபரணிக்காரன் (ஞாயிறு, இரவு 9:40)

இன்னைக்கு நெல்லை மாவட்டம் பாபநாசத்துக்கு மேல இருக்கிற அகஸ்தியர் அருவியில் பார்த்ததைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வாரேன். அருவிக்குப் போற வழியில் ஒரு பாறை. அதுல தாய்க்குரங்கு ஒண்ணு, வயித்துல குட்டி தொங்குது. குளிக்க வந்த ஒரு குடும்பத்துகிட்ட இருந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிடுங்கிட்டு வந்து உட்கார்ந்தது. நூலைக் கடிச்சு எடுத்தது, மேல சுத்தியிருந்த பேப்பரைத் தூரப் போட்டது, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தாளை மடியில் விரிச்சு வச்சுத் தின்னுச்சு. நம்ம ஆளுக சாப்பிடுற மாதிரியே. சோறு தீர்ந்ததும் தாளை வழிச்சு நக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. குட்டி இறங்கி வந்து அந்தத் தாளை எடுத்து வாய்க்குள்ள திணிக்க ஆரம்பிச்சது. அந்த வீட்டுப் பிள்ளை கை தட்டிச் சிரிக்குது. அப்பா போன்ல வீடியோ எடுக்காரு.

இது புலிகள் காப்பகம்யா. களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988ல் வந்தது, தமிழ்நாட்டிலேயே முதல் புலிகள் காப்பகம். 2012ல் மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஏறிச்சு, 2016ல் அகஸ்தியமலையை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா ஏத்துக்கிடுச்சு. பட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. அருவிக்கரையில் கெடக்கிறது ஷாம்பு பாக்கெட்டு, சிப்ஸ் கவர், ஒத்தைச் செருப்பு.

என் கருத்து இதுதான்: பாபநாசம் செக்போஸ்ட்டுக்கு மேல ஒரு வருசம் யாரையும் விடக் கூடாது. காட்டுக்குள்ளயே குடியிருக்கிற காணிக்காரப் பழங்குடிங்க, கரண்டு ஆபீஸ் ஆளுக, கோயில் பூசைக்குப் போறவங்க மட்டும் போகட்டும். திட்டுறவங்க திட்டுங்க.

கல்லிடை அப்பளம் (9:52)

குரங்குக்கு புளியோதரை போச்சேன்னு அந்த வீட்டம்மா அழுதிருப்பாங்க. அதைப் பத்தி யாரும் பேச மாட்டீங்க.

வேன்காரன் விகேபுரம் (10:15)

அண்ணாச்சி, ஒரு வருசம் மூடுங்கன்னு லேசா சொல்லிட்டிய. மேல பாணதீர்த்தம் அருவிக்குப் படகு விட்டுக்கிட்டு இருந்தாவல்லா, அது நின்னப்ப படகு ஓட்டுனவன் என்ன ஆனான்னு ஒரு ஆளு கேட்டியளா? என் வண்டிக்கு மாசத் தவணை இருக்கு. குத்தால சீசனுக்கு வாரவன் அப்படியே ஒரு நாள் இங்கயும் வாரான், அதுலதான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது. குப்பை போட்டுட்டுப் போறது வெளியூர்க்காரன், பட்டினி கெடக்க வேண்டியது மலையடிவாரத்துல இருக்க விகேபுரத்துக்காரன். என்ன நியாயம் இது?

இன்னொண்ணு. காப்பகத்தோட உள்பகுதி மட்டுமே 895 சதுர கிலோமீட்டர்னு சொல்லுதாவ. நீங்க பாத்தது ஒரே ஒரு ரோடு. அந்த ரோட்டை வச்சு காடே போச்சுன்னு எழுதுதிய.

தாமிரபரணிக்காரன் (10:31)

அந்த ஒரு ரோடு ஆத்தை ஒட்டித்தானே போகுது? அந்தத் தண்ணியைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்குது. 2012 ஜூலைல உச்ச நீதிமன்றமே புலிகள் காப்பகங்களோட உள்பகுதியில் சுற்றுலாவே கூடாதுன்னு நிறுத்தி வச்சது. நான் புதுசா ஒண்ணும் சொல்லலை.

வேன்காரன் விகேபுரம் (10:36)

அதே வருசம் அக்டோபர்ல அதே கோர்ட்டு திறந்து விட்டுட்டு. அதையும் சேத்துச் சொல்லணும்லா.

அம்பை டீச்சர் (10:58)

இருபது வருசமா விலங்கியல் நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தாமிரபரணிக்காரர் பார்த்தது நாட்டுக்குரங்கு. அது நம் கோயில் வாசலிலும் பிழைத்துக்கொள்ளும், பேருந்து நிலையத்திலும் பிழைத்துக்கொள்ளும். எனக்குக் கவலை மேலே கக்காச்சிப் பக்கம் இருக்கிற சிங்கவால் குரங்கைப் பற்றித்தான். உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இந்த மலைத்தொடரில் மட்டும்தான். வெடிப்பலா மாதிரியான பெரிய மரங்களின் உச்சியிலேயே பிறந்து, தின்று, தூங்கி வாழ்கிற பிராணி. தரைக்கு வருவதே அபூர்வம்.

வால்பாறை புதுத்தோட்டத்தில் இதே குரங்கு ரோட்டுக்கு இறங்கிவிட்டது. சுற்றிலும் தோட்டம், நடுவில் துண்டுக் காடு, பக்கத்திலேயே வீடும் குப்பையும். வண்டியில் அடிபட்டுச் செத்தவை உண்டு. அது ரோட்டைக் கடக்க மரத்துக்கு மரம் துணியிலும் குழாயிலும் தொங்குபாலம் கட்ட வேண்டியதாயிற்று. நம் பக்கம் காடு இன்னும் துண்டாகாமல் இருக்கிறது, அதனால் இங்கே அந்த நிலைமை இல்லை. அதை நாமே வரவழைக்க வேண்டுமா?

யாராவது குப்பைத்தொட்டி வைக்கச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: காட்டுக்குள் தொட்டி வைப்பது குப்பையை விட மோசம். உப்பு வாடைக்கு மிளா என்ற பெரிய மான் வரும், சோற்று வாடைக்குப் பன்றி வரும், கரடியும் வரும். தொட்டியைக் கவிழ்த்துக் கவரோடு தின்னும். மிளாவின் வயிற்றில் போன பிளாஸ்டிக் வெளியே வருவதில்லை, இரைப்பையில் உருண்டையாகத் தங்கிவிடும். வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும், உடம்பு வற்றிக்கொண்டே போகும்.

கல்லிடை அப்பளம் (11:04)

தொட்டி வைங்கன்னு டைப் பண்ணிட்டு இருந்தேன் டீச்சர். அழிச்சிட்டேன்.

சாத்தான் பேரன் (திங்கள், காலை 6:20)

காலையிலேயே இதைப் படிச்சேன். மேல காட்டுக்குள்ள கோயில் கொண்டிருக்கிற சொரிமுத்தையனார் எங்களுக்குக் குலசாமி. ஆடி அமாவாசைக்குப் போறது சுற்றுலா கிடையாது. எங்க தாத்தா மாட்டு வண்டியில் அரிசி, பருப்பு, பானை எல்லாம் ஏத்திக்கிட்டுப் போய், குடில் போட்டுத் தங்கி, ஆத்துல குளிச்சு, அங்கே இருக்கிற பட்டவராயன் சாமிக்குத் தோல்செருப்பு செஞ்சு போட்டுட்டு வந்தவரு. அப்பவும் புலி இருந்துச்சு, யானை இருந்துச்சு, சங்கிலிபூதத்தார் எல்லாரையும் காத்தாரு. இப்ப தங்குறதுக்கு நாள் கணக்கு, சொந்த வண்டிக்குத் தடை, அரசு பஸ்ஸுல நின்னுக்கிட்டே போகணும். கட்டுப்பாடுன்னா எப்பவும் சாமி கும்பிடறவன் தலையிலதான் விழுது.

பூசைக்கு மட்டும் விடலாம்னு தாமிரபரணிக்காரர் பெரிய மனசோட எழுதியிருக்காரு. நேர்த்திக்கடன் யாரு செலுத்துவா, பூசாரியா?

தாமிரபரணிக்காரன் (7:05)

தாத்தா அரிசியை ஓலைப்பெட்டியில் கொண்டு போனாரு, வாழையிலையில் சாப்பிட்டாரு. இலையை மிளா தின்னுட்டுப் போயிருக்கும். நீங்க எதுல கொண்டு போறீங்க? பஸ்ஸுல ஏறும்போது கையில் எத்தனை கவருன்னு எண்ணிப் பாருங்க. தாத்தா காலத்துல அம்புட்டு சனமும் இல்லை. இப்ப லட்சக்கணக்குல வருது.

சாத்தான் பேரன் (7:30)

கவர் இருக்குதான். இல்லைங்கலை. 2019 ஜனவரியிலேயே தமிழ்நாடு முழுக்கத் தடை போட்ட பொருளு இன்னும் கடைக்குக் கடை தொங்குதே, அதை விக்கிறவனை விட்டுட்டு வாங்குறவனைக் கேக்கிறீங்க.

அப்புறம் பாபநாசம் படித்துறை. தோஷம் கழிக்க வந்தேன்னு உடுத்தின வேட்டி சேலையை ஆத்தோட விட்டுட்டுப் போறானே, முங்குற ஆளு காலைச் சுத்துதே, அது காட்டுக்குள்ளயா நடக்குது? ஊருக்குள்ள, நம்ம கண்ணு முன்னால. ஒரு வருசம் பாபநாசநாதர் கோயிலையும் மூடிருவோமா?

அம்பை டீச்சர் (7:48)

துணி விடுவது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை என்று அங்கே இருக்கிற புரோகிதர் ஒருவரே என்னிடம் சொன்னார். ஆனால் கேட்டு வருகிறவர்களுக்கு அதைச் சொன்னால் அடுத்தவரிடம் போய்விடுவார்களாம். (இது தனி இழை போட வேண்டிய விஷயம், நிறுத்திக்கொள்கிறேன்.)

மாஞ்சோலைப் பேத்தி (11:15)

வேலைக்கு வந்த இடத்துல இருந்து எழுதுறேன், நீளமா எழுத முடியாது. நான் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டுப் பக்கம் நாலுமுக்குல பிறந்தவ. எங்க பாட்டி கொழுந்து எடுத்தாங்க, அம்மா கொழுந்து எடுத்தாங்க. சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட தேயிலைக் கம்பெனி 1929ல் 99 வருசக் குத்தகைக்கு எடுத்த 8,000 ஏக்கருக்கு மேல உள்ள இடம். 2028ல் முடியுறதுக்கு முன்னாடியே, 2024ல், எல்லார்கிட்டயும் விருப்ப ஓய்வுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. விருப்பம் யாரோடதுன்னு கேக்காதீங்க.

காடு திரும்பணும், சோலை வளரணும்னு சொன்னாங்க. சரி. தேயிலை போட்டதே மழைக்காட்டை வெட்டித்தான், அதை நான் மறைக்கலை. ஆனா தலைமுறை தலைமுறையா இருந்த எங்களை இறக்கிவிட்டுட்டு, அதே ரோட்டுல ரீல்ஸ் எடுக்கிறவன் ஏறிப் போறதைப் பார்க்கிறப்ப வயிறு எரியுது. 2023ல் அரிக்கொம்பன்ங்கிற காட்டு யானையைக் கம்பத்துல பிடிச்சு எங்க மலையில விட்டப்ப, அது எஸ்டேட் பக்கம் வந்து வாழையைச் சாய்ச்சது. நாங்க கதவைச் சாத்திட்டு உள்ளே இருந்தோம். கீழே இருந்து வர்றவன் யானைன்னு கேட்டாப் போதும், வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்கிறான்.

மூடுறதா இருந்தா எல்லாருக்கும் மூடுங்க. காசு குடுத்தா ஜீப்புல போகலாம்ங்கிற மூடல் வேண்டாம்.

வேன்காரன் விகேபுரம் (பிற்பகல் 1:10)

தங்கச்சி சொன்னது நெஞ்சுல குத்துது. மாஞ்சோலைக்கு ஆளு ஏத்திட்டுப் போனவன்ல நானும் ஒருத்தன்.

ஆனா அருவி வேற, மாஞ்சோலை வேற. அருவிக்கு வாரவனுக்குக் குளிக்கணும், அம்புட்டுதான். யாரும் புலி பாக்க வரலை.

அம்பை டீச்சர் (1:34)

அப்படியென்றால் சோறு எதற்கு மேலே போகிறது? வேன்காரர் வாயாலேயே வந்துவிட்டது. குளிக்க வருகிறவனுக்கு ஒரு துண்டு போதும்.

நீலகிரியில் 2022ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடும் முறை வந்தது. காட்டில் உடைத்துப் போடுகிற பாட்டில் யானையின் பாதத்தைக் கிழிக்கிறது என்பதால் உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு. பத்து ரூபாய்க்காகப் பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். தண்ணீர்ப் பாட்டிலுக்கும் தின்பண்டத்துக்கும் இங்கே அதைச் செய்யலாமே?

வேன்காரன் விகேபுரம் (1:50)

ஞாயித்துக்கிழமை செக்போஸ்ட்டுல நிக்குற வண்டியைப் பாத்திருக்கியளா டீச்சர்? ஒவ்வொரு கவரா எண்ணி ஸ்டிக்கர் ஒட்டுனா கடைசி வண்டி மேல போறதுக்குள்ள இருட்டிரும்.

அதுக்குப் பதிலா ஒண்ணு செய்யலாம். சாப்பாட்டை எல்லாம் கீழயே வச்சிரணும். டோக்கன் போட்டு வாங்கி வைக்க ஒரு செட்டு, உக்காந்து திங்க நிழலு, கை கழுவத் தண்ணி. குளிச்சிட்டு எறங்கி வந்து சாப்பிடட்டும். குளிச்ச பொறவுதானே பசியே எடுக்கும்? பாபநாசத்துல நாலு இட்லிக் கடைக்கும் யாவாரம் ஆகும். எண்ணெய், சோப்பு, ஷாம்பும் அங்கனயே பிடுங்கிரலாம். குத்தாலத்துல கோர்ட்டு சொல்லித் தடுத்தாவல்லா, அதே மாதிரி.

கல்லிடை அப்பளம் (1:57)

அப்பளம் மட்டும் மேல அனுமதிக்கணும். மக்கும் பொருள்.

தாமிரபரணிக்காரன் (2:20)

கைக்குழந்தைக்குப் பால் பாட்டில்? சர்க்கரை நோயாளிக்கு பிஸ்கட்? முதல் நாளே நூறு விதிவிலக்கு கேப்பாங்க, பத்தாவது நாள் புளியோதரை மறுபடி மேல ஏறிரும். அதனாலதான் ஒட்டுமொத்தமா மூடணும்ங்கிறேன். வண்டிச் சத்தத்தைப் பத்தி நீங்க யாருமே பேசலை. இருவாச்சிப் பறவை கூடு கட்டுற காலத்துல பெட்டை மரப்பொந்துக்குள்ள தன்னை வச்சு அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். ஆணு பழம் கொண்டு வந்து ஓட்டை வழியா ஊட்டணும். கீழே நின்னு பாட்டுப் போட்டு ஆடினா ஆணு கிட்ட வரத் தயங்கும். உள்ளே இருக்கிறது குஞ்சோட பட்டினி கெடக்கணும்.

வேன்காரன் விகேபுரம் (2:41)

பால் பாட்டிலை யாரு தடுக்கப் போறா? பிள்ளை பெத்தவன் பால் பாட்டிலைக் குரங்குக்குக் குடுக்க மாட்டான். பாட்டுப் போடுதவன்கிட்ட அபராதம் வாங்குங்க, என் வண்டியில போட்டா நானே எறக்கி விட்டுருதேன். மூடுறதுக்கு மட்டும் ஒத்துக்கிட மாட்டேன் அண்ணாச்சி. ஆடி அமாவாசைக்கு விடுத மாதிரி பாபநாசத்துல இருந்து பஸ்ஸு மட்டும் விடுதோம்னு சொன்னாக்கூட யோசிக்கலாம். எங்க வண்டியையே ஒப்பந்தத்துக்கு எடுத்தா இன்னும் நல்லா யோசிப்பேன்.

சாத்தான் பேரன் (3:05)

பஸ்ஸுல நின்னுக்கிட்டே போற கஷ்டம் இனி எல்லாருக்கும்னா எனக்குச் சம்மதம். ஓலைப்பெட்டிக்கும் ஏற்பாடு பண்ணிட்டேன், தூத்துக்குடிப் பக்கம் இன்னும் முடையுறாங்க. ஆனா அமாவாசைக்குப் பொங்கல் மேலதான் வைப்போம். அதைக் கீழ வச்சுச் சாப்பிடுன்னா ஒத்துக்க மாட்டோம்.

மாஞ்சோலைப் பேத்தி (இரவு 8:12)

எல்லாம் இருக்கட்டும். அந்தக் குட்டி என்னாச்சு?

தாமிரபரணிக்காரன் (8:40)

தாளைப் பிடுங்கலாம்னு கிட்டப் போனேன். தாய் திரும்பி வந்து பல்லைக் காட்டிச்சு, பின்வாங்கிட்டேன். குட்டி தாளோடயே வயித்துல தொத்திக்கிட்டு மரத்துல ஏறிருச்சு. நான் பாத்தப்ப பாதி வாய்க்கு வெளியே தொங்கிட்டு இருந்தது.