ஒடிசியஸ் கூட வந்தவர்கள் செத்தது யார் தப்பு?

கேள்வி:
டிராய் போர் முடிந்து ஒடிசியஸ் ஊர் திரும்புவதைச் சொல்லும் ஹோமரின் கிரேக்கக் காவியம் ஒடிசியை முழுதாகப் படித்து முடித்தேன், ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆரம்பத்திலேயே ஹோமர், கூட வந்தவர்கள் சூரியக் கடவுளின் மாடுகளைத் தின்று தங்கள் மடத்தனத்தால் அழிந்தார்கள் என்று சொல்லிவிடுகிறார். ஆனால் ஒடிசியஸோடு டிராய்க்கு வந்தவை 12 கப்பல்கள், மாட்டைத் தின்றது கடைசியில் மிஞ்சிய ஒரே கப்பலின் ஆட்கள். மற்ற 11 கப்பல்களையும் லேஸ்ட்ரிகோனிய அரக்கர்கள் துறைமுகத்துக்குள் வைத்தே பாறைகளை வீசி நொறுக்கி, ஆட்களை மீன் குத்துவது போலக் குத்தித் தூக்கிப் போனார்கள். அந்த 11 கப்பல் ஆட்கள் என்ன பாவம் செய்தார்கள்? அன்றைக்கு ஒடிசியஸ் தன் கப்பலை மட்டும் துறைமுகத்துக்கு வெளியே கட்டியிருந்தானே!

பதில் 1:
கணக்கை ஒற்றைக்கண் அரக்கனான சைக்ளோப்ஸ் பாலிஃபீமஸின் குகையிலிருந்தே தொடங்குங்கள். பாலாடைக்கட்டியையும் ஆட்டுக்குட்டிகளையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஆட்கள் கெஞ்சினார்கள், விருந்தாளிக்கு அரக்கன் என்ன பரிசு தருவான் பார்ப்போம் என்று உட்கார்ந்தவன் ஒடிசியஸ். 6 பேரை அரக்கன் தின்றுவிட்டான். "யாருமில்லை" என்று பெயர் சொல்லித் தப்பித்தது பெரிய சாமர்த்தியம்தான், சரி, அப்புறம் சும்மா இருந்தானா? கப்பலிலிருந்து கத்தினான், பாலிஃபீமஸ் எறிந்த பாறையில் அலை எழும்பிக் கப்பல் கரைக்கே வந்துவிட்டது, ஆட்கள் அவ்வளவு தடுத்தும் இன்னும் தள்ளிப் போனதும் தன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் சொல்லிக் கத்தினான். பெயர் தெரிந்ததால்தான் பாலிஃபீமஸ் தன் தகப்பனான கடல் கடவுள் பொசைடனிடம் சாபம் கேட்க முடிந்தது.

பதில் 2:
ஒரேயடியாக அவன் தலையில் போடாதீர்கள். காற்றுகளுக்குப் பொறுப்பான ஏயோலஸ் எதிர்க்காற்றுகளை அடைத்துக் கட்டிக்கொடுத்த மூட்டையோடு 9 நாள் இரவு பகலாகத் தூங்காமல், பாய்க்கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்காமல் ஓட்டி வந்தான். 10ஆம் நாள் சொந்த ஊரான இத்தாக்காவில் தீ மூட்டுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், அப்போது அசந்துவிட்டான். தங்கமும் வெள்ளியும் என்று நினைத்து மூட்டையை அவிழ்த்து, காற்று கப்பல்களைத் திருப்பி அடித்துப் போக விட்டது யார்? சூனியக்காரி சர்சி ஆட்களைப் பன்றிகளாக்கியபோதும் தனியாகத்தானே மீட்கப் போனான்.

பதில் 3:
மூட்டைக்குள் இருப்பது காற்று என்று ஆட்களிடம் ஒரு வார்த்தை சொன்னதாகக் கதையில் இல்லையே. குகையில் செத்தவர்கள் இவன் துணிச்சலால் செத்தார்கள் என்று ஆட்களில் ஒருவனான யூரிலோக்கஸ் நேருக்கு நேர் சொல்கிறான், அவன் தலையை வெட்டிவிடலாமா என்று ஒடிசியஸ் யோசிக்கிறான், மற்றவர்கள்தான் தடுத்தார்கள். ஆனால் இந்த அலைச்சல் பகுதி, 9 முதல் 12 வரையிலான காண்டங்கள், கடைசியில் அவனுக்கு அடைக்கலம் தந்த ஃபயேசியர்களின் அரசவையில் ஒடிசியஸ் தன் வாயாலேயே சொல்வது. யூரிலோக்கஸ் சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் அதையும் சொல்கிறான், அதனால்தான் எனக்கு அவனை வெறுக்க முடியவில்லை.