பூசானா, கியோங்ஜுவா? மூன்று நாள்தான் இருக்கிறது

மல்லிகைப்பந்தல்:
அக்டோபர் கடைசியில் கொரியா போகிறோம். நான், கணவர், என் அம்மா. சியோலில் நான்கு நாள் என்பது முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று நாள் கையில் இருக்கிறது. கணவர் பூசான் என்கிறார். எனக்குக் கியோங்ஜு மேல் ஆசை, பழைய சில்லா அரசின் தலைநகரம் என்று படித்த நாளிலிருந்து. அம்மாவுக்கு 64 வயது, முட்டி வலி உண்டு, சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். அவரைக் கேட்டால் "கடல் இருக்கிற ஊராப் பாரு" என்று மட்டும் சொல்கிறார். இரண்டு ஊருக்கும் ஓடி ஓடிப் பார்ப்பது எங்களுக்கு ஆகாது. ஒன்றைச் சொல்லுங்கள்.

அலைவாய்:
ஐந்து வருடமாகப் பூசானில் இருக்கிறேன், அதனால் நடுநிலை வேஷம் போடவில்லை. பூசான்தான். கியோங்ஜுவில் இருப்பது செத்துப்போன ராஜாக்கள். இங்கே வரலாறு இன்னும் உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருக்கிறது.

1950 கொரியப் போரில் நாடே தெற்கே ஓடிவந்து ஒதுங்கிய ஊர் இது. போர் முடியும்வரை பெரும்பாலும் இதுதான் தற்காலிகத் தலைநகரம். ஊரில் நீங்கள் பார்க்கும் எல்லாவற்றிலும் அந்தக் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மில்ம்யொன் என்று ஒரு குளிர்ந்த நூடுல்ஸ் உண்டு. வடக்கிலிருந்து வந்த அகதிகளுக்கு அவர்கள் ஊர்ப் பக்குவத்தில் செய்யப் பாப்பரை மாவு கிடைக்கவில்லை. அமெரிக்க உதவியில் வந்த கோதுமை மாவில் செய்து பார்த்தார்கள், அது இந்த ஊர்ச் சாப்பாடாகிவிட்டது. யொங்டோ பாலத்தடியில் சந்திப்போம் என்று சொல்லிப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ.

கம்ச்சொன் மலைக்கிராமத்தின் வண்ண வீடுகளை எல்லாரும் படமெடுப்பார்கள். அதற்குப் பக்கத்து மேடு அமி-தொங். ஜப்பானியர் ஆண்ட காலத்து இடுகாட்டின் மேல் அகதிகள் வீடு கட்டிக்கொண்ட இடம். கல்லறைக் கல்லையே அஸ்திவாரமாகவும் படியாகவும் போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர் நின்ற கல்லைக் குனிந்து பார்த்தேன், ஓரத்தில் ஜப்பானியப் பெயர் வெட்டியிருந்தது. எந்த அருங்காட்சியகத்தில் இது கிடைக்கும்?

கல்வெட்டுக்கிறுக்கன்:
எழுத்து அருமை. ஆனால் அந்த அம்மாவின் முட்டியை மறந்துவிட்டீர்களே ஐயா! கம்ச்சொன், அமி-தொங் இரண்டும் செங்குத்து ஏற்றம். இளவட்டங்களே பாதியில் மூச்சு வாங்குகிறார்கள். முட்டி வலிக்காரரை ஏற்றிவிட்டு "வரலாறு பாருங்கள்" என்றால் அவர் உங்களைத்தான் பார்ப்பார்.

கியோங்ஜு ஊர்நடு ஏறக்குறையத் தட்டை. தேரங்வொன் மன்னர் சமாதிகள், சொம்சொங்டே வானாய்வுக் கோபுரம், வொல்ஜி குளம், தேசிய அருங்காட்சியகம், எல்லாம் நிதானமாக நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. நடக்க முடியாவிட்டால் டாக்சி. சமாதி என்றதும் கல்லறைத் தோட்டத்தை நினைக்காதீர்கள். ஊருக்குள்ளேயே புல் போர்த்திய பெரிய பெரிய மேடுகள், அவற்றுக்கு நடுவே தெரு, காபிக்கடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவற்றில் ஒன்றுக்குள், 1973ல் தோண்டிய சொன்மாசொங்குக்குள், நடந்தே போய்ப் பார்க்கலாம். தங்கக் கிரீடமும், பூர்ச்ச மரப்பட்டையில் வரைந்த பறக்கும் குதிரையும் கிடைத்தது அங்கேதான்.

அப்புறம் அந்த மணி. 771ல் வார்த்தது, 18.9 டன். அருங்காட்சியக முற்றத்தில் தொங்குகிறது. இப்போது அடிப்பதில்லை, பதிவுசெய்த ஒலியைப் போடுகிறார்கள். வெறும் ஒலிபெருக்கிதானே என்று அலட்சியமாக நின்றேன். ஓசை அடங்கும்போது ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு விசும்பல் மாதிரி நீண்டுகொண்டே போகிறது. வார்ப்பில் ஒரு குழந்தையைப் போட்டார்கள், அது "எமில்லே" என்று தாயை அழைத்து அழுகிறது என்று ஊரில் கதை. கதை பொய்யாகவே இருக்கட்டும், கேட்டவனுக்கு உடம்பு சிலிர்க்கும்.

சும்மாசொல்றேன்:
எமில்லே... அம்மா! பார்த்தீர்களா, எல்லாம் நம்ம மொழிதான்! இரண்டு ஊரும் வேண்டாம், பூசானுக்குப் பக்கத்துக் கிம்ஹே போங்கள். கி.பி. 48ல் கப்பலேறிப் போய்ச் சூரோ மன்னரை மணந்த ராணி ஹொ ஹ்வாங்-ஓக் தமிழச்சி. அவள் பிறந்த நாடு ஆயுத்தா என்று அவர்கள் எழுதியிருப்பது நம்ம ஆய் நாடு. கொரியாவில் அம்மாவை "ஒம்மா", அப்பாவை "அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதற்குமேல் என்ன வேண்டும்?

கல்வெட்டுக்கிறுக்கன்:
வந்துவிட்டது. சிரிக்காமல் பதில் சொல்கிறேன்.

அந்தக் கதைக்கு நம் கையில் இருக்கும் மூலம் 13ஆம் நூற்றாண்டில் இர்யொன் என்ற பிக்கு தொகுத்த சம்குக் யூசா என்ற நூல். அவர் அதற்கு முந்தைய ஒரு நூலிலிருந்து எடுத்ததாகச் சொல்கிறார், அதுவும் 11ஆம் நூற்றாண்டுதான். நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஆயிரம் வருடம். "ஆயுத்தா" அயோத்தி என்று வடக்கே ஒரு கூட்டம் சொல்லி, 2001ல் அயோத்தியில் நினைவுச் சின்னமே வைத்தாயிற்று. நீங்கள் தெற்கே இழுக்கிறீர்கள். இரண்டு பக்கமும் ஓசை ஒற்றுமையை வைத்துத்தான் இழுக்கிறீர்கள்.

அம்மா, அப்பா விஷயம்: குழந்தைக்கு முதலில் வருவது ம, ப என்ற உதட்டெழுத்துகள். உலகத்தில் பாதி மொழிகளில் அப்படித்தான் இருக்கும். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905லேயே ஒரு புத்தகம் போட்டார். மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை.

அலைவாய்:
இதில் மட்டும் கிறுக்கன் பக்கம் நிற்கிறேன். ஆனால் கிம்ஹேயை ஒதுக்க வேண்டாம், பூசானிலிருந்து இலகு ரயிலில் போகலாம், சூரோ மன்னர் சமாதிக்கென்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. ராணியின் சமாதி அருகே பாசா கோபுரம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். கடலைச் சாந்தப்படுத்த அவள் கப்பலில் கொண்டுவந்த கற்களாம். ஒழுங்கில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிய சிவப்பு ஓடிய கல், என் தோளுயரம் கூட வராது. கதை நிஜமோ இல்லையோ, கிம்ஹே கிம் வம்சத்தாரும் ஹொ வம்சத்தாரும் ஒரே ரத்தம் என்று தங்களுக்குள் கல்யாணம் செய்யாமலே இருந்திருக்கிறார்கள். ஒரு கதைக்கு அவ்வளவு பலம். அங்கே இருக்கும் கயா (சூரோவின் அரசு, நம்ம ஊர்க் கயா இல்லை) காலச் சமாதிகளுக்கு 2023ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது.

சரி, கியோங்ஜுவுக்கு வருகிறேன். புல்குக்சா கோயில் "8ஆம் நூற்றாண்டு" என்று பலகை. ஜப்பானியர் 1593ல் கொளுத்திவிட்டார்கள். இப்போது பார்க்கும் மண்டபங்களில் பலவும் சுற்றுப் பிராகாரமும் 1969 முதல் 1973 வரை எழுப்பியவை. என் சித்தப்பா வயது! இதைப் பார்க்கவா முட்டி வலியோடு போக வேண்டும்?

கல்வெட்டுக்கிறுக்கன்:
மரம் எரிந்தது. கல் எரியவில்லை. படிக்கட்டுகளும், முற்றத்து இரண்டு கோபுரங்களும் சில்லா காலத்தவை. அவற்றில் ஒன்றான தபோதாப்பின் உருவம் 10 வொன் காசில் இருக்கும், காசைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். காசில் ஒரு சிங்கம், கோபுரத்திலும் ஒரு சிங்கம். முதலில் நான்கு இருந்தனவாம், மற்ற மூன்றும் எங்கே போயின என்று தெரியாது. எதிரே நிற்கும் சொக்காதாப்பை 1966ல் திருடர்கள் கைவைத்துச் சேதப்படுத்த, பழுதுபார்க்கப் பிரித்தபோது உள்ளே ஒரு சுருள் கிடைத்தது. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக்கட்டை அச்சுகளில் ஒன்று அது. திருடன் செய்த ஒரே நல்ல காரியம்.

மேலே மலையில் சொக்குராம். மலையைக் குடைந்த குகை இல்லை, கருங்கல்லை வெட்டி அடுக்கிக் கட்டிய குகை. உள்ளே புத்தர் கிழக்குக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், மூன்றரை மீட்டர் உயரம். 1913க்குப் பிறகு ஜப்பானியர் பழுதுபார்க்கிறேன் என்று சுற்றிச் சிமெண்ட் பூசினார்கள். உள்ளே ஈரம் கோக்க ஆரம்பித்தது. அதனால் இன்றைக்கு இயந்திரம் வைத்து ஈரத்தை இழுக்கிறார்கள், நாம் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும், படமெடுக்கக் கூடாது. இது குறைதான், மறைக்கவில்லை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து போகும் காட்டுப்பாதை பெரும்பாலும் சமதளம், கடைசியில் கொஞ்சம் படி.

பழமை பற்றி நீங்கள் பேசலாமா? உங்கள் கடலோரக் கோயில் ஹேடொங் யொங்குங்சா, 1376ல் நாஓங் என்ற பிக்கு நிறுவினார் என்பார்கள். சரி, அவருடைய குரு நம் நாட்டிலிருந்து போன ஜிகொங் என்ற துறவி என்பது எனக்கும் பிடித்த விஷயம். ஆனால் அதுவும் எரிந்து, 1930களில் மறுபடி எழும்பி, 1974ல்தான் இந்தப் பெயர் வைத்தார்கள். அங்கே இறங்க 108 படி. ஏற அதே 108.

அலைவாய்:
108 படியை எண்ணி வைத்திருக்கிறீர்கள், கீழே இறங்கினால் பாறையில் அலை அடிக்கும் சத்தத்தைச் சொல்லவில்லை. படியே வேண்டாம் என்றால் குவாங்அல்லி கடற்கரை இருக்கிறது. சாயங்காலம் மணலில் உட்கார்ந்தால் எதிரே பாலத்தில் விளக்கு எரியும். ஹெயுண்டேயில் பழைய ரயில் பாதையில் கடலைப் பார்த்தபடி ஓடும் சிறு ரயில், எல்லா இருக்கையும் கடல் பக்கம் திரும்பியவை. முட்டி வலிக்காரருக்கு வேறென்ன வேண்டும்? அவர் கேட்டது கடல். கியோங்ஜுவில் கடல் எங்கே?

நங்கூரம்:
குறுக்கே வருகிறேன். கோஜே கப்பல் கட்டும் தளத்தில் வேலை. விடுமுறை நாளில் பக்கத்துத் தொங்யொங்தான் எனக்குக் கதி. 1592ல் கொரியத் தளபதி இ சுன்-சின் ஜப்பானியக் கப்பற்படையை மடக்கிய ஹன்சாண்டோ தீவுக்குப் படகில் போகலாம். சுங்மு கிம்பாப் சாப்பிடலாம்: வெறும் சோற்றைக் கடற்பாசித் தாளில் விரலளவு சுருட்டி, காரக் கணவாயும் முள்ளங்கியும் தனியாகத் தருவார்கள். சேர்த்துச் சுருட்டினால் படகு வெயிலில் கெட்டுப்போகும் என்று அப்படிச் செய்தார்களாம். கடலும் வரலாறும் ஒரே இடத்தில், கூட்டமும் குறைவு.

அலைவாய்:
சைவம் சாப்பிடுகிறவருக்குக் கணவாயா நங்கூரம்? ரயிலும் அங்கே போகாது, பேருந்துதான்.

நங்கூரம்:
சோற்றை மட்டும் சாப்பிடட்டும். நான் சும்மா சொல்லி வைத்தேன்.

கல்வெட்டுக்கிறுக்கன்:
கியோங்ஜுவில் கடல் எங்கே என்றீர்களே. நகரத்திலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம், பொங்கில் கடற்கரை. கரையிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டரில் ஒரு பாறைக் கூட்டம். கொரியாவின் மூன்று அரசுகளை ஒன்றாக்கிய சில்லா மன்னர் முன்முவின் சமாதி அதுதான். 681ல் இறந்தார். என்னை எரித்துக் கிழக்குக் கடலில் விட்டுவிடுங்கள், நாகமாகி நாட்டைக் காப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனதாக வரலாறு. மகன் பக்கத்தில் கமுன்சா என்ற கோயிலைக் கட்டி முடித்தான். இப்போது அங்கே இரண்டு கற்கோபுரமும் அடித்தளமும்தான் மிச்சம். அந்த அடித்தளத்தைக் குனிந்து பாருங்கள்: தரைக் கல்லுக்குக் கீழே வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். அப்பா நாகமாக வந்து போவதற்கு வழி!

கடற்கரை அழகு என்று பொய் சொல்ல மாட்டேன். கூழாங்கல், கடற்காக்கை, பச்சைமீன் கடைகள், கொஞ்சம் தள்ளி அணுமின் நிலையம். நான் போன அன்று ஒரு மூடாங் அம்மா, நம்ம ஊர்ச் சாமியாடி மாதிரி, பாறையைப் பார்த்து மேளம் தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு குடும்பம் பழத்தட்டோடு குளிரில் நின்றது. ராஜா செத்துப்போனார் என்றீர்களே அலைவாய், அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

அலைவாய்:
...சரி, அந்த மூடாங்குக்கு ஒரு மதிப்பெண். பேருந்து எத்தனை மணிக்கு ஒன்று வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கல்வெட்டுக்கிறுக்கன்:
அடிக்கடி வராது. மூன்று பேர் என்பதால் பாதி நாளுக்கு டாக்சி பேசிக்கொள்வது நல்லது. இன்னொன்று: அதிவேக ரயில் நிற்கும் கியோங்ஜு நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. இறங்கியதும் சமாதி மேட்டைத் தேடாதீர்கள், நான் தேடினேன். அக்டோபர் கடைசி இலை சிவக்கும் காலம், சனி ஞாயிறில் புல்குக்சா பக்கம் போகவே வேண்டாம்.

சாப்பாடு: இரண்டு ஊரிலும் கஷ்டம்தான். காய்கறி சூப் என்று வைப்பதிலும் நெத்திலி வடிநீர் இருக்கும், கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ இறாலோ இருக்கும். பிபிம்பாப் (காய்கறி போட்டுக் கலந்த சோறு) கேட்டு, இறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்று கொரிய எழுத்தில் எழுதிய தாளைக் காட்டுங்கள். கோயில் சமையல் கடை கிடைத்தால் அம்மாவுக்குத் திருவிழா, அவர்கள் வெங்காயம் பூண்டு கூடச் சேர்ப்பதில்லை. கியோங்ஜுவின் பயறு பூரணம் வைத்த ஹ்வாங்னாம் ரொட்டி பிரபலம், ஆனால் மாவில் முட்டை உண்டு.

மல்லிகைப்பந்தல்:
எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாலத்து விளக்குக்கு ஒன்றும் சொல்லவில்லை. சிறு ரயிலுக்கு "நல்லாத்தான் இருக்கும்" என்றார். முன்மு ராஜா கதை வந்ததும் நிறுத்தச் சொன்னார். "கடல்லயா கரைச்சாங்க?" என்று கேட்டார். அப்பாவை நாங்கள் ராமேஸ்வரத்தில் கரைத்தோம், போன ஆடியில். "அங்கே போலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஆகவே கியோங்ஜுவில் இரண்டு இரவு. கணவரைச் சமாதானப்படுத்த மூன்றாம் நாள் பூசான், அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் கிம்ஹேயில் விமானம்.

அலைவாய்:
அம்மா முடிவுக்கு மேல் முறையீடு கிடையாது. மூன்றாம் நாள் சீக்கிரம் வந்துவிடுங்கள், ரயிலில் அரைமணிதான். சிறு ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள், சாயங்கால இருக்கை முதலில் தீரும்.

சும்மாசொல்றேன்:
விமானம் கிம்ஹேயிலா? ராணி சமாதி கிட்டத்தில்தான். ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினால் போதும், சொல்லிவிட்டேன்.