ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்: கும்மியில் கை முன்னால், சத்தம் பின்னால். உதவி வேண்டும்

பெருந்துறைத் தம்பி:
வணக்கமுங்க. எங்கள் ஊர் வள்ளி கும்மி அரங்கேற்ற வீடியோவுக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் பாட்டு வரிகளைத் தாளத்துக்கு ஏற்ப வர வைக்கிறேன். ஸ்டுடியோவிலிருந்து புராஜெக்டாகவே கொடுத்தார்கள். ஒரே கேமரா, 30 நிமிட ஓட்டம், கம்போசிஷன் (வீடியோவை அடுக்கி வேலை செய்யும் இடம்) விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம். கேமராவில் பதிவான சத்தம்தான், தனி ரெக்கார்டர் இல்லை. முதல் பாட்டில் எல்லாம் ஒட்டிப் போகிறது. மங்களம் பாடும்போது ஆட்டம் முந்திக்கொள்கிறது, சத்தம் பின்னால் வருகிறது. லேயரை டூப்ளிகேட் செய்து சத்தத்தை மட்டும் நகர்த்தினால் முடிவு சரியாகிறது, ஆரம்பம் கெட்டுப்போகிறது. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். அதனாலா?

காங்கேயத்தான்:
ரேம் கூட்டுங்க, சரியாயிடும்.

மிக்ஸர் மாமா:
அவசரப்பட்டுச் செலவு செய்யாதீங்க தம்பி. ரேம் குறைந்தால் பிரிவியூ திக்கும், கோப்பு கெடாது. ரெண்டர் செய்து, அதாவது முழு வீடியோவாக வெளியே எடுத்து, வேறு பிளேயரில் ஓட்டிப் பார்த்தீங்களா? அதிலும் இதே கோளாறா? கடைசியில் எத்தனை விநாடி வித்தியாசம்? கைத்தட்டை வைத்துச் சொல்லாதீங்க. கும்மியில் முழுசாக ஒரு தட்டு தள்ளிப்போனாலும் பொருந்தின மாதிரியே தெரியும். பாடுகிற ஆசிரியரின் வாயைப் பாருங்க.

பெருந்துறைத் தம்பி:
ரெண்டரிலும் அப்படித்தானுங்க. வாயசைவைப் பார்த்தால் முடிவில் இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் அதில் பாதி.

மிக்ஸர் மாமா:
அப்படியென்றால் ஃபிரேம் கணக்கு இடிக்கிறது. கேமரா 29.97-இல் எடுத்திருக்கும். புராஜெக்ட் பேனலில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, இன்டர்பிரெட் ஃபுட்டேஜ், மெயின் போங்க. அங்கே 'கன்ஃபார்ம் டு ஃபிரேம் ரேட்' 30 என்று இருக்கும் பாருங்க. அதை மாற்றினால் படத்தின் வேகம் மட்டும்தான் மாறும், சத்தம் பழையபடியே ஓடும். 30 நிமிடத்தில் 29.97 கணக்குக்கு 53,946 ஃபிரேம். அதை 30 ஆக ஓட்டினால் 1.8 விநாடி முன்னதாகவே தீர்ந்துவிடும். உங்கள் அளவு அதுதான்.

'யூஸ் ஃபிரேம் ரேட் ஃபிரம் ஃபைல்' தேர்ந்தெடுங்க, கம்போசிஷனையும் 29.97 ஆக்குங்க. லேயரின் முடிவை இழுத்துவிட வேண்டியிருக்கும், வெட்டின இடங்களையும் ஒருமுறை சரிபாருங்க.

காங்கேயத்தான்:
போனில் எடுத்த வீடியோவுக்கும் இதே வைத்தியமா மாமா? எனக்கும் இப்படித்தான் போகும்.

மிக்ஸர் மாமா:
இல்லைங்க. பெரும்பாலான போன்கள் ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிகின்றன, ஒரே எண்ணை மாற்றி அதைச் சரிக்கட்ட முடியாது. முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' (மாறாத ஃபிரேம் வேகம்) வைத்து மாற்றிவிட்டு, அப்புறம் உள்ளே கொண்டுவாங்க.

பெருந்துறைத் தம்பி:
30 என்றுதான் வைத்திருந்தார்களுங்க. மாற்றினேன், மங்களம் வரைக்கும் வாய் பொருந்துகிறது. ரொம்ப நன்றி. வரிகளைத் தட்டுக்கு ஏற்ப வைக்க 'கன்வர்ட் ஆடியோ டு கீஃபிரேம்ஸ்' (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அசைவுக்கான எண்களாக்கும் கட்டளை) போட்டேன். பாடுகிற குரலுக்கும் எழுத்து குதிக்கிறதே?

மிக்ஸர் மாமா:
அது கம்போசிஷனில் உள்ள எல்லாச் சத்தத்தின் உரப்பையும் சேர்த்தே அளக்கும், தட்டு வேறு குரல் வேறு என்று பிரிக்காது. கும்மிக்குக் கைவேலைதான் நல்லது. ஆடியோ லேயரைத் தேர்ந்தெடுத்து எல் விசையை இரண்டு முறை அடித்தால் அலைவடிவம் விரியும், தட்டு ஒவ்வொன்றும் முள்ளாக நிற்கும். நம்பர் பேடில் புள்ளியை அழுத்தினால் சத்தம் மட்டும் ஓடும். ஓடும்போதே தட்டுக்குத் தட்டு நட்சத்திரக் குறியை அழுத்திக்கொண்டே வாங்க, நிறுத்தினதும் மார்க்கர்கள் (அடையாளக் குறிகள்) வந்திருக்கும். எழுத்தை அதில் ஒட்டுங்க.

இன்னொன்று, 30 நிமிடத்தையும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே இழுக்காதீங்க. வரிகள் வரும் துண்டுகளை மட்டும் இங்கே செய்து, பிரீமியர், டாவின்சி மாதிரி எடிட்டிங் மென்பொருளில் கோத்துக்கோங்க.

பெருந்துறைத் தம்பி:
என் லேப்டாப்பில் நம்பர் பேடே இல்லைங்களே மாமா.

மிக்ஸர் மாமா:
யூஎஸ்பி நம்பர் பேட் தனியாகவே கிடைக்கும், கம்ப்யூட்டர் கடையில் கேளுங்க. ரேமுக்கு வைத்த காசு மிச்சம்தானே.